ஏழாம் எண் விமானமும் ஒரு ஷாம்பெய்ன் பாட்டிலும்

“முசியே, இன்னிக்கி இதுல நான்தான் ஏறுவேன்,” என்றாள் ஒதில் முதலாளியிடம்.

விமானக் கம்பெனியின் தையல் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வைக்காரி மதாம் கொரான்தீன் சொல்லிவைத்திருந்தாள்: “அடுப்பு கேளு, ஜன்னலோர நாற்காலி கேளு, லீவு கேளு. கிடைக்காது, ஆனா கேளு. விமானத்துல ஏறணும்னு மட்டும் வாயத் தொறந்திடாத.” ஒதில் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இறக்கைத் துணி தைத்தாள். இன்று திறந்துவிட்டது.

முதலாளி த்ரிப்பியே திரும்பியே பார்க்கவில்லை. கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தார். “என் ஷாம்பெய்ன் பாட்டில் எங்க? எவன் குடிச்சான்?”

யாரும் குடிக்கவில்லை. அது ஒதிலின் தையல் கூடையில், நூல்கண்டுகளுக்கு அடியில் கிடந்தது.

த்ரிப்பியே முப்பது வருஷம் சேன் நதிக்குப் படகு கட்டியவர். புதுப் படகை நீரில் இறக்கும்போது அதன் மூக்கில் பாட்டிலை உடைப்பது வழக்கம். மனிதர் விமானத்துக்கு மாறினார், வழக்கம் மாறவில்லை. படகின் மூக்கு கெட்டிப் பலகை. விமானத்தின் மூக்கில் இருப்பதோ சுழல்விசிறி. ஆறு விமானம், ஆறு பாட்டில், ஆறு விசிறி. உடைந்ததை ஒவ்வொரு முறையும் பிசின் வைத்து ஒட்டுவார்கள். விமானம் வயிற்றுவலிக்காரன் மாதிரி நடுங்கிவிட்டு நின்றுவிடும். “காத்து சரியில்ல,” என்பார் த்ரிப்பியே. இஸ்ஸி மைதானத்துக் காற்று, பாவம், எதிர்த்துப் பேசாது.

இன்னொரு தொல்லை அனத்தோல். முதலாளியின் தங்கை மகன், கம்பெனியின் ஒரே விமானி, தொண்ணூற்றொரு கிலோ. ஒதில் நிலக்கரி மூட்டை சுமப்பவரின் மகள். அவள் தெருவிலேயே உயர்பள்ளிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள். மிச்சத் துணியில் சாக்பீஸால் கணக்குப் போட்டிருந்தாள்: ஐம்பத்திரண்டு கிலோவுக்கு மேற்பட்ட ஆளைத் தூக்க இந்த எஞ்சினுக்கு வக்கில்லை. அவள் எடை நாற்பத்தாறு. அந்தக் கணக்கை நீட்டியபோது த்ரிப்பியே துணியை வாங்கி மூக்கைச் சிந்தினார்.

பிறகு தன் வழியில் எடையைக் குறைத்தார். இறக்கையில் எழுதிய பெயரைச் சுரண்டினார்கள். அனத்தோலின் மீசையைச் சிரைத்தார்கள். ஈஸ்டரிலிருந்து அவனுக்குக் கீரை மட்டும்தான்.

“மாமா, மீச எத்தன கிராம்னு யாராச்சும் நிறுத்துப் பாத்தீங்களா?” என்று அவன் அழாத நாளில்லை.

எதிர்க் கொட்டகையில் வேறொரு கம்பெனி. அங்கே ஒரு வாரமாக ஒரு பலகை தொங்கியது: ‘ஒல்லியான விமானி தேவை.’ ஆணா பெண்ணா என்று எழுதவில்லை. ஒதில் தினமும் படித்தாள்.

இன்று ராணுவக் கேப்டன் வந்திருந்தார். ஒரு கிலோமீட்டர் பறந்தால் பன்னிரண்டு விமானத்துக்கு ஆர்டர்.

“ஏறப்போறியா? பாவாடையோடயா?” த்ரிப்பியே ஒருவழியாகத் திரும்பினார். “காத்துல தூக்கிக்கிச்சுன்னா ராணுவம் எதைப் பாக்கும்?”

“எதாச்சும் ஒண்ணு தூக்கட்டுமே முசியே! ஆறு விமானமும் தூக்கலயே.”

“போய் வாலப் பிடி.”

பாட்டில் கிடைக்காததால் விசிறி முதல்முறையாக முழுசாகச் சுழன்றது. ஆனாலும் அனத்தோலைச் சுமந்த ஏழாம் எண், கொழுத்த கோழி மாதிரி மைதானம் பூராவும் ஓடியது. ஓர் அங்குலம் எழும்பவில்லை. கேப்டன் கொட்டாவி விட்டுக்கொண்டு வேலியோரத்துக் காப்பி வண்டிக்குப் போய், முதுகைக் காட்டி நின்றார். அந்த வண்டியில் அப்போதுதான் தொத்திறைச்சி வறுபடத் தொடங்கியது. திரும்பி வந்த அனத்தோலின் மூக்கில் மணம் ஏறியது. தொப்பியைக் கழற்றி எறிந்தான், எஞ்சினை அணைக்காமலே குதித்தான், ஓடிப்போய் வண்டிக்குப் பின்னால் குந்திவிட்டான். தையல்காரிகள் பாய்ந்து விமானத்தின் வாலைப் பிடித்துத் தொங்கினார்கள்.

ஒதில் பாவாடையைக் கணுக்காலோடு கயிற்றால் கட்டினாள், அவன் எறிந்த தொப்பியை மாட்டினாள், ஏறினாள்.

“விடுங்கடீ வால!”

முதலில் விட்டது மதாம் கொரான்தீன்.

தரை கீழே போனது. எஞ்சின் அவள் முகத்தில் ஆமணக்கெண்ணெயை உமிழ்ந்தது. கீழே முட்டைக்கோஸ் தோட்டம் பச்சைப் பொத்தான்களாகச் சுருங்கியது. அவள் போட்ட தையல் ஒவ்வொன்றும் விம்மியது, ஒன்றும் பிரியவில்லை. ஒன்றேகால் கிலோமீட்டர் போய்த் திரும்பி, குதிரைப்படை குவித்திருந்த சாணமேட்டை உரசிக்கொண்டு வந்து நின்றாள்.

தலைக்கு மேல் பறந்ததைப் பார்த்த கேப்டன் காப்பிக் கோப்பையோடு ஓடிவந்தார். த்ரிப்பியே நடுவழியிலேயே மறித்தார்.

“யாருய்யா ஓட்டினது? பேரச் சொல்லும்!”

“என் தங்கச்சி மகன் அனத்தோல்!”

கேப்டன் எழுதிக்கொண்டார். “பத்து மணிக்கு ஜெனரலக் கூட்டிட்டு வர்றேன். இன்னொரு தடவ பறந்து காட்டட்டும்.”

அவர் தலை மறைந்ததும் த்ரிப்பியே ஒதிலிடம் வந்தார். “பத்து மணிக்கும் நீயே ஏறு. எறங்கினதும் தொப்பிய அனத்தோலுக்கு மாட்டிவிடு. ஜன்னலோர நாற்காலி ஒனக்குத்தான், போ.”

“என் பேரு?”

“தையக்காரிக்கு ஆகாசத்துல எதுக்குப் பேரு?”

ஒதில் முகத்து எண்ணெயைத் துடைத்தாள். கணுக்கால் கயிற்றை அவிழ்த்தாள். தொத்திறைச்சியோடு வந்து நின்ற அனத்தோலின் தலையில் தொப்பியை வைத்தாள். “மீசைய வளத்துக்கோப்பா. அது மேல ஒரு தப்பும் இல்ல.”

பிறகு கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தாள்.

“நீங்க தேடினது, முசியே. ஜெனரல் பாக்க நல்லா ஓங்கி அடிங்க.”

அவர் முகம் மலர்ந்தது. “அட! இது எங்க இருந்துச்சு?”

ஒதில் அதற்குள் ஈரப் புல்லில் இறங்கி, எதிர்க் கொட்டகையை நோக்கிப் பாதி மைதானம் நடந்துவிட்டிருந்தாள்.