தெர்மோஸ்டாட் இல்லாத ஜீப்

பழைய டீசல் ஜீப் வாங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஓட்டத் தெரியாது, பராமரிக்கத் தெரியாது, ரேடியேட்டர் மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாது. போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "இந்த இன்ஜினுக்குச் சாவே கிடையாது அண்ணாச்சி" என்று என்னிடமே வந்து சொல்வார்கள். தூத்துக்குடி எட்டயபுரம் ரோட்டில் இருபத்தெட்டு வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சங்கரபாண்டியனிடம்!

ஜெபசுதாவையும் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன். டாக்டர் என்றார்கள். விசாரித்தால் மாட்டு டாக்டர். நாசரேத்தில் வீடு, சாத்தான்குளம் பக்கம் வேலை. செம்மணல் மேடுகளான தேரிக்குள் இருக்கிற ஊர்களுக்கு ஆடு மாடு பார்க்கப் போவதற்காக, அரசாங்க ஏலத்தில் ஒரு ஃபோர் வீல் ஜீப் எடுத்திருந்தார். அதை ஒரு டெம்போவில் கட்டி இழுத்துக்கொண்டு மார்ச் மாதம் வந்து நின்றார். இந்த இன்ஜினைப் பிரிக்க மாவட்டத்திலேயே என்னை விட்டால் ஆளில்லை என்று யாரோ சொன்னார்களாம். அதில் பொய்யில்லை.

"சார் வரலையா?" என்று கேட்டேன்.

"எந்த சார்?" என்றார்.

ஆயில் குச்சியை உருவினேன். பால் ஊற்றிய காப்பி மாதிரி இருந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. இன்ஜினுக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு அது. தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடாமல் தடுப்பது அதன் வேலை. இன்ஜின் கொதித்தால் முதலில் அதுதான் போகும். கொதித்ததற்குக் காரணமும் தெரிந்தது. ஏலம் விட்ட ஆபீஸ்காரன் எவனோ வருஷக்கணக்காக உப்புத் தண்ணீரை ஊற்றி ரேடியேட்டரை அடைத்து வைத்திருந்தான்.

வேறு ரேடியேட்டர் போட்டேன். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் வைத்தேன். மூடும்போது தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன்.

"அது என்னது அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"குளிர் நாட்டுக்காரன் இன்ஜின் சூடாகணும்னு வச்சது. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?"

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

மே மாதம் அதே டெம்போ, அதே ஜீப். மறுபடியும் கேஸ்கெட்.

"தண்ணி பாக்காம ஓட்டியிருக்கீங்க" என்றேன்.

"தினமும் காலையில பாக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாங்க."

மறுபடி பிரித்துப் போட்டுக் கொடுத்தேன். ஆகஸ்டில் மூன்றாவது தடவை வந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. டீக்கடை முன்னால் நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன். "மேடம், மணலில் ஓட்ட ஒரு பழக்கம் வேணும். மாட்டுக்கு ஊசி போடுத மாதிரி இல்ல இது." நாலு பேரும் சிரித்தார்கள். அவர் முகம் மாறவில்லை.

"சரி, இந்தத் தடவை வேலையை முடிச்சிட்டு நீங்களே தேரியில ஓட்டிக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கேன்."

எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரு சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் கிளம்பினோம். சாத்தான்குளம் தாண்டி தார் ரோடு முடிகிற வரைக்கும் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவிலேயே நின்றது. "பாத்தீங்களா?" என்றேன். நாலு வீலையும் போட்டு, கியரைக் குறைத்து, செம்மணலில் ஏற்றினேன். பத்து நிமிஷம் இருக்கும். முள் அசைந்தது. அப்புறம் ஏற ஆரம்பித்தது. நான் அவர் பார்த்துவிடக் கூடாதென்று ஸ்டியரிங்கில் இருந்த கையைச் சற்று நகர்த்தி அதை மறைத்தேன்.

"நிறுத்துங்க" என்றார்.

"இந்த மேட்டைத் தாண்டிட்டா..."

"நிறுத்துங்க அண்ணாச்சி. இன்னொரு கேஸ்கெட்டும் போயிரும்."

நிறுத்தினேன். அவர் இறங்கி பானட்டைத் திறந்து, இன்ஜினை நிறுத்த வேண்டாம் என்று கையைக் காட்டினார். கழுத்துத் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவசரமே இல்லை. சினைமாட்டின் வயிற்றைத் தடவிப் பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தார்.

"இங்கன வந்து தொடுங்க. ரேடியேட்டருக்கு அடியில இருந்து வார குழாய் வெதுவெதுன்னு இருக்கு. இந்தச் சின்னக் குழாய் கொதிக்குது. அப்ப சூட்டுத் தண்ணி பாதி ரேடியேட்டருக்கே போகாம, இது வழியா திரும்ப இன்ஜினுக்குத்தானே போகுது?"

"அது பைபாஸ் குழாய்."

"சூடான பிறகு இதை எது அடைக்கணும்?"

எனக்குப் பதில் தெரியும். ஐடிஐயில் படம் போட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே அதன் அடித்தட்டு பைபாஸை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தேதான் கிடக்கும். ரோட்டில் சமாளித்துவிடும், மணலில் கொதிக்கும். இதெல்லாம் தெரிந்தும், மூன்று தடவை பிரித்தும், நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. ஓட்டுகிறவர்மேல் பழியைப் போடுவது சுலபமாக இருந்தது.

"தெர்மோஸ்டாட்" என்றேன்.

இன்ஜினை அணைத்து, ஆறுவதற்காக ஒரு கொல்லாமர நிழலில் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி டாக்டரை அடையாளம் கண்டு ஓடி வந்தாள். ஒரு குடம் தண்ணீரும் கொண்டுவந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புது டிரைவரா டாக்டரம்மா? மணல்ல ஓட்டத் தெரியாதவனை எதுக்குக் கூட்டிட்டு வாறீய?"

"இல்லக்கா. இவுக மெக்கானிக்."

"அப்படியா!" என்றாள் அவள்.

திரும்பி வந்து புது தெர்மோஸ்டாட் வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அவரே தேரிக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். முள் நடுவிலேயே நின்றதாம். "நன்றி அண்ணாச்சி" என்றார். ஏசியிருந்தால்கூடத் தேவலை. அதற்கப்புறம் அந்த ஜீப் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரவேயில்லை. சாத்தான்குளத்திலேயே யாரிடமோ விடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பெரியதாழை ஜெரால்டுக்குப் போன் போட்டேன். கடற்கரை மணலில் வள்ளம் இழுப்பதற்கு இதே மாதிரி ஜீப் வைத்திருக்கிறவர். அவர் வண்டியிலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றியது நான்தான். அதற்கப்புறம் இரண்டு தடவை கேஸ்கெட் போயிருந்தது.

"ஜெரால்டு, வண்டியை ஒருக்கா கொண்டாரும். தெர்மோஸ்டாட் வைக்கணும்."

"வேண்டாம்னு கழத்திப் போட்டதே நீருதானவே?"

"அதுதான் கொதிக்கக் காரணம். இப்பத்தான் கண்டுபிடிச்சேன்."

"நீரா கண்டுபிடிச்சீரு?"

டாக்டரின் பெயர் நாக்கு வரைக்கும் வந்தது.

"பின்ன வேற யாரு?" என்றேன்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரியலன்னு எம் பொண்டாட்டி முன்னால வச்சு ஏசினீரே, அது?"

லைன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். திங்கட்கிழமை அவர் வண்டியோடு வந்தார். நான் வேலை செய்து முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நான் தலையை நிமிர்த்தவில்லை.