உச்சிவேளைப் பேய்க்கு ஒரு நைலான் கயிறு

“நைலான் கயிறு வாங்கிட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இது என்னதுல?”

ரோஸ்மேரி கேட்ட கேள்விக்கு முனீஸ் பெருமையாகச் சிரித்தான். அவன் தோளில் சுருண்டு கிடந்தது கயிறு. சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை. பனியன் கம்பெனியில் துணி வெட்டிய பிறகு மிஞ்சும் துண்டுகளை நீளநீளமாகக் கிழித்து, பெண்பிள்ளைக்குச் சடை போடுவதுபோல் பின்னியிருந்தான்.

“எதுக்குக்கா கடையில வாங்கணும்? நம்ம கட்டிங் வேஸ்ட்டு. மூணு பிரி. யானையையே கட்டலாம்.”

“யானை வரலை. என் தம்பிதான் வாரான்.”

அவள் கயிற்றின் ஒரு முழத்தைப் பிடித்து இழுத்தாள். அது சிரமமே இல்லாமல் இரண்டு முழமானது. விட்டதும் சமர்த்தாகச் சுருங்கிக்கொண்டது. ரோஸ்மேரிக்குத் தலை சுற்றியது.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவள் அவள். தீ அலாரம் அடித்தால் தையல் பெண்கள் டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் பேசிக்கொண்டே படி இறங்குவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ரத்தக்கொதிப்பே வந்துவிட்டது. வீட்டிலாவது நிம்மதி உண்டா? தூத்துக்குடியிலிருந்து கூடவே அழைத்துவந்த தம்பி தனுஷ், அதே கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறான். அவனுக்கும் கட்டிங் பிரிவு முனீஸுக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரே வேலை, பேய் தேடுவது.

போன மாதம் தனுஷ் காங்கேயத்தில் பாழடைந்த ரைஸ் மில் ஒன்றுக்கு ரப்பர் செருப்போடு போனான். பேய் கிடைக்கவில்லை. துருப்பிடித்த ஆணி கிடைத்தது, குதிகாலில். ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவன், வாசலிலேயே அடுத்த இடத்தைச் சொன்னான். மணியன் என்பவரின் மூடிக் கிடக்கும் சாயப்பட்டறை. அங்கே உச்சி வெயில் நேரத்தில் ஒரு பெண் முனகுகிறாளாம்.

கெஞ்சினாள். திட்டினாள். சாப்பாடு கிடையாது என்றாள். அவன் பரோட்டா வாங்கித் தின்றான். கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

“போய்த் தொலை. ஆனா நான் சொல்லுத மாதிரி. ஷூ போடணும். எடத்துக்காரர்கிட்ட கேக்கணும். எங்க போறோம்னு பக்கத்து வீட்டுல சொல்லிட்டுப் போவணும். உள்ள ரெண்டு பேர் போனா வெளிய ஒருத்தர் நிக்கணும். கை பட்டா ஆடுத எதையும் தொடக் கூடாது, குழி, தொட்டி எதுலயும் எட்டிப் பாக்கக் கூடாது.”

“பேய் பிடிக்கப் போறோமா, ஆடிட்டுக்குப் போறோமாக்கா?” என்றான் தனுஷ்.

வெளியே நிற்கும் ஆள் அவள்தான். வேறு யாரை நம்புவது?

காலையில் மணியனுக்கு அவளே போன் செய்தாள். பெரிய தோட்டக்காரர். பேச்சு வெல்லப்பாகு.

“அங்க எதுக்குங்க கண்ணு போறீங்க? அந்தப் பொம்பளைப் பேய் ரொம்பப் பொல்லாததுங்க.”

“அது இருக்கட்டும் ஐயா. உள்ள கிணறு, தொட்டி, குழி ஏதாவது தெறந்து கெடக்கா?”

“பேயே இருக்குதுங்கறேன். அது பத்தாதுங்களா?”

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் பேயைத்தான் சொன்னார். கடைசியில், “பாத்துப் போங்க சாமி” என்று வைத்துவிட்டார்.

இப்போது சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து, மொபெட்டில் அவளும் பைக்கில் பையன்களுமாக வந்து இறங்கியாயிற்று. முனீஸ் பையில் எலுமிச்சம்பழம், விபூதி, ஒரு இரும்புக் கத்தி. தண்ணீர் பாட்டில் இல்லை. டார்ச் இருந்தது. உள்ளே பேட்டரி இல்லை.

“எலுமிச்சம்பழம் மறக்கலை. பேட்டரி மறந்துட்ட.”

“பகல்தானக்கா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டைத் தள்ளினாள். பூட்டே இல்லை. பெரிய தகரக் கொட்டகை. சாய மெஷின்களை எப்போதோ விற்றுவிட்டார்கள். அவை நின்ற இடத்தில் நீலமும் சிவப்புமாகத் தரை கறைபட்டுக் கிடந்தது. கொட்டகையின் கோடியில் தரையோடு தரையாக சிமென்ட் மூடிய பெரிய தொட்டி. பட்டறை ஓடிய காலத்துச் சாயக்கழிவு சேர்ந்த இடம். ஆள் இறங்கும் அளவுக்கு ஒரு வாய். அதன்மேல் ஊறிப்போன பிளைவுட் பலகை.

மெல்ல ஒரு வாடை வந்தது. அழுகிய முட்டை.

ரோஸ்மேரி இருவரையும் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

“முடிஞ்சுது. வீட்டுக்கு நடங்க. அது விஷவாயு. அடியில கெடக்குத சகதியிலேருந்து வருது.”

அப்போதுதான் அது கேட்டது. ம்ம்ம்ம்... நீளமாக, வலியோடு. தொட்டிப் பக்கமிருந்து.

முனீஸ் எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டான். தனுஷின் கண்கள் மின்னின.

“கேட்டியாக்கா? கேட்டியா? இதை ரெக்கார்டு பண்ணாம நான் வரமாட்டேன். நீ இன்னைக்கு இழுத்துட்டுப் போ. நாளைக்கு நானே தனியா வருவேன்.”

வருவான். அவளுக்குத் தெரியும். ஆணி குத்திய காலோடு வாசலிலேயே அடுத்த இடத்தைச் சொன்னவன் அவன்.

“சரி. தொட்டிகிட்ட போகக் கூடாது. தூரத்துல நின்னு போனை நீட்டு. இடுப்புல கயிறு. அந்தப் பக்கம் தூண்ல கட்டணும். நீயே நெனச்சாலும் அந்த வாய் வரைக்கும் போக முடியாத அளவுக்கு. ஆனா இந்தச் சடைப்பின்னல் இல்லை. நான் போய் நைலான் கயிறு வாங்கியாரேன். அதுவரைக்கும் வாசப்படி தாண்டக் கூடாது. அந்த வாடை அடிச்சா வெளிய ஓடியாரணும். அடிச்ச வாடை திடீர்னு நின்னா அதைவிட வேகமா ஓடியாரணும். வாடை போகலை, மூக்கு செத்துருச்சுன்னு அர்த்தம். என்ன சொன்னேன்?”

“வாசப்படி தாண்டக் கூடாது,” என்றார்கள் இருவரும், பள்ளிப் பிள்ளைகள்போல.

ஹார்டுவேர் கடை அரை ஷட்டர் இறங்கியிருந்தது. கடைக்காரர் சாப்பிட்டுக் கை கழுவி, ஏப்பம் விட்டு, “துணி காயப் போடறதுக்குங்களா?” என்று விசாரித்து, ஒரு வழியாகக் கயிற்றை எடுத்துக் கொடுத்தார். மொபெட்டை அவள் விரட்டிய விரட்டில் சைலன்சர் கழன்றுவிடும்போல் இருந்தது.

கேட்டைத் தாண்டும்போதே தெரிந்துவிட்டது. வாசலில் யாரும் இல்லை.

“அக்கா!” உள்ளேயிருந்து தனுஷின் குரல், உற்சாகமாக. “உச்சிப்பொழுது போயிருமேன்னு ஆரம்பிச்சுட்டோம். இப்ப வாடையே இல்லைக்கா. சும்மா பயங்காட்டிட்டுப் போயிட்ட!”

“வெளிய வாலே!” என்று அலறினாள்.

தூணில் பனியன் கயிறு. மறுமுனை தனுஷின் மார்பில், அக்குளுக்குக் கீழே. முனீஸ் அளவெடுத்துத்தான் கட்டியிருந்தான். கயிறு முடிந்த இடத்திலிருந்து தொட்டி வாய்க்கு இன்னும் இரண்டு மூன்று எட்டு இருந்தது. ஆனால் போனை நீட்டியபடி தனுஷ் முன்னால் சாயச் சாய, கயிறும் அவனோடு சேர்ந்து ஆசையாக நீண்டது. ஒரு எட்டு. இன்னொரு எட்டு. அவன் கால் பலகைமேல் பட்டது.

சட்டக்.

பலகை இரண்டாக உடைந்தது. தனுஷ் மறைந்தான்.

கயிறு விறைத்து நின்றது. அறுபடவில்லை. தொட்டி வாய்க்குள் அவன் தலை, கைக்கு எட்டாத ஆழத்தில் தொங்கியது. ஒருமுறை இருமினான். “அக்...” என்றான். அப்புறம் தலை தொங்கிவிட்டது.

முனீஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறுதான் வந்தது. ஆள் வரவில்லை. இழுக்க இழுக்க அது நீண்டுகொண்டே போனது, வெறி பிடித்தவன்போல் இழுத்தான், பயனில்லை. சட்டென்று பாக்கெட்டிலிருந்து பனியன் துணி மாஸ்க்கை எடுத்து மாட்டினான். கொரோனா காலத்தில் அவர்கள் கம்பெனி மூட்டை மூட்டையாகத் தைத்த அதே மாஸ்க்.

“நான் இறங்குதேன்க்கா!”

ரோஸ்மேரி அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள்.

“அந்தத் துணியில கொசுகூட நிக்காது, விஷவாயு நிக்குமா? நீ இறங்கினா ரெண்டு பிணம். உன்னைத் தூக்க நான் இறங்கினா மூணு. நூத்தியெட்டுக்கு அடி. ஸ்பீக்கர்ல போடு. சாயப்பட்டறைத் தொட்டி, விஷவாயு, ஆக்சிஜன் வேணும்னு சொல்லு!”

மொபெட்டைக் கொட்டகைக்குள்ளேயே ஓட்டினாள். நைலான் கயிற்றைப் பிளாஸ்டிக் கவரோடு பல்லால் கிழித்தாள். ஒரு நுனியை மொபெட் கேரியரில் கட்டினாள். மறுநுனியோடு தரையில் படுத்து, மூச்சை அடக்கி, விறைத்து நிற்கும் பனியன் கயிற்றில் தொட்டி வாய்க்கு இந்தப் பக்கமாக இறுக்கி ஒரு முடிச்சு. பனியன் துணியில் விழுந்த முடிச்சு வழுக்காது. அந்தத் துணி ஒரு அளவுக்கு மேல் இழுபடவும் செய்யாது. அந்த அளவை அது தொட்டாக வேண்டும். அவ்வளவுதான்.

“மூச்சைப் பிடிச்சுட்டுப் படுத்துக்கோ. தலையை உள்ள விட்டன்னா கொன்னுருவேன். ஆள் விளிம்புக்கு வந்ததும் காலரைப் பிடி!”

மொபெட் உறுமியது. பின்சக்கரம் சாயக்கறைத் தரையில் வழுக்கியது. நைலான் விறைத்தது. பனியன் நீண்டது. நீண்டது. இன்னும் நீண்டது.

“ஏசுவே, இந்தக் கயிறைப் பின்னினவன் கையில...”

நின்றது. அதற்குமேல் நீள ஒன்றும் மிச்சமில்லை. மொபெட் அங்குலம் அங்குலமாக வாசலை நோக்கி நகர்ந்தது.

“பிடிச்சுட்டேன்க்கா!” முனீஸின் அலறல்.

இருவருமாக அவனை வெளியே வேப்பமர நிழலுக்கு இழுத்துவந்தார்கள். முகம் சாம்பல். அவள் நெஞ்சில் காதை வைத்தாள். தன் இதயம் அடிக்கிற அடியில் அவனுடையது கேட்கவில்லை. கன்னத்தில் தட்டினாள், திட்டினாள், மாதாவைக் கூப்பிட்டாள், மறுபடி திட்டினாள்.

தனுஷ் ஒருக்களித்து வாந்தி எடுத்தான். அவள்மேலேயே.

அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் துடைத்ததில்லை.

*

ஆஸ்பத்திரியில் தனுஷின் மூக்கில் ஆக்சிஜன். பிழைத்துவிட்டான், இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வராந்தாவில் மணியன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை.

“நாந்தானுங்க கண்ணு,” என்றார் மெதுவாக. “அந்தப் பேயைக் கெளப்பி உட்டது நாந்தானுங்க.”

ரோஸ்மேரி நிமிர்ந்து பார்த்தாள்.

“அபாயம்னு போர்டு வெச்சனுங்க. கழட்டிட்டுப் போயி இரும்புக்கடையில போட்டுட்டானுங்க. பூட்டுப் போட்டேன், பூட்டையே காணோம். தண்ணி போடறவனெல்லாம் அந்தத் தொட்டி மேலதான் உக்காருவானுங்க. என்ன பண்றது? உச்சி வெயிலுக்குத் தகரம் முனகுமுங்க. அதைப் பொம்பளைப் பேயின்னு டீக்கடையில ஒரு வார்த்தை சொன்னேன். பொறவு ஒரு ஈ, காக்கா வரலீங்க. நீங்கதானுங்க மொதல்ல வந்தது.”

“காலையில கேட்டேனே ஐயா. மூணு தடவை கேட்டேனே. தொட்டி இருக்கான்னு.”

“தொட்டின்னு சொன்னா பேய் பொய்யின்னு ஆயிருமேங்க.”

கம்பெனியில் எத்தனை போஸ்டர் ஒட்டியிருக்கிறாள். ஒருவனும் படித்ததில்லை. இந்த மனிதர் ஒரு பேயைவைத்து ஊரையே தள்ளி நிறுத்தியிருக்கிறார். அந்தப் பேயைத் தேடி வர உலகத்திலேயே ஒருவன்தான் இருந்தான். அவன் அவள் தம்பி.

“தொட்டி இன்னைக்கே மூடணும்.”

“ஞாயித்துக்கிழமைங்களே, கொத்தனாரு...”

“இன்னைக்கு.”

அந்தக் குரலில் மணியன் ஆப்பிள் பையை பெஞ்சில் வைத்துவிட்டார். “தோட்டத்துல கல் பலகை கெடக்குதுங்க. டிராக்டர்ல கொண்டாந்து போட்டறனுங்க.” போனை எடுத்துக்கொண்டு வேகமாக வெளியேறினார்.

உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையில் கத்தரி. இன்னொரு கையில் சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை.

“முடிச்சு அவுழவே மாட்டேங்குது, வெட்டி எடுத்தாச்சுங்க. ஏனுங்க, இந்தக் கயிறு எங்க வாங்குனீங்க? நல்லா இழுபடுதுங்க.”

முனீஸ் வீங்கிய கன்னத்தோடு எழுந்தான்.

“வாங்கலை சிஸ்டர். நானே பின்னினது. உங்களுக்கு ஒண்ணு பண்ணித் தரட்டுமா?”

ரோஸ்மேரி செருப்பைக் கழற்றினாள்.