ஓட்டுநர் ஓடுகிறார்

1

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் பிறந்தது. அதை எழுதியவன் நான். ஆகவே இதில் வரும் தொல்லைக்கெல்லாம் நானே பொறுப்பு. நல்லது ஏதாவது நடந்தால் அது தானாக நடந்தது.

என் அக்கா மகள் பள்ளி வண்டி ஓட்டுகிறாள். நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கும் பள்ளி. வண்டிக்கு மூன்று படிகள், செங்குத்தானவை. பதினோரு பிள்ளைகளையும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அவள்தான் தூக்கி ஏற்றி இறக்குகிறாள். அவர்களில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி ஒருநாள் காதோடு சொன்னாள்:

"அத்தை, இன்னைக்கு நான் சாப்பிடல. தூக்கிப் பாருங்க, லேசா இருப்பேன்."

விசாரித்தால், அந்த வாரம் முழுக்கவே காலையில் சாப்பிடாமல்தான் வந்திருக்கிறாள்.

(இங்கே ஓட்டுநரின் கண்கள் குளமா— என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அவள் அழவில்லை. வண்டியை எடுத்தாள். இரண்டு சிக்னல் தாண்டி, வழக்கத்தைவிடக் கடுமையாக ஹாரன் அடித்தாள். அவ்வளவுதான்.)

சக்கர நாற்காலியோடு பிள்ளையை ஏற்றும் லிஃப்ட் வைத்த வண்டி வேண்டும். பள்ளிக்கு வாங்க வழியில்லை. பாலைவனத்தில் ஆறு நாள், இருநூற்றைம்பது கிலோமீட்டர் போட்டி ஒன்று நடக்கிறது, அதில் இறங்கி நன்கொடை திரட்டலாம் என்று எங்கிருந்தோ படித்துவிட்டு வந்தாள். போய்வரும் செலவை ஓட்டுநர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

"மாமா, ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க. நடையும் ஓட்டமுமா போவேன்னு போடுங்க. எனக்கு நாப்பத்தெட்டு வயசு, ஞாபகம் இருக்கட்டும்."

நான் எழுதினேன்: 'ஓட்டுநர் ஓடுகிறார்! பாலைவனத்தை ஓடியே கடக்கிறார்!'

நடையை வெட்டியது நான்தான். ஓசை இடறியது.

2

தொடக்கத்தைப் பாலைவனத்தில் வைக்கலாமா என்று பார்த்தேன்.

'விடியலில் மணல் பொன்னாக...' வேண்டாம். கதைகளில் வரும் மணலெல்லாம் பொன்னாகத்தான் இருக்கிறது. ஒருவராவது அள்ளி வந்து விற்றதாகத் தெரியவில்லை.

'அவள் காலணிக்குள் மணல் புகுந்தபோது...' இது உண்மை. ஆனால் அதற்கு முன்னால் டயர்க்காரர் வர வேண்டும்.

டயர்க்காரர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருப்பவர். மற்றவர்கள் நோட்டீஸை வாங்கி, தலைப்பைப் பார்த்து, முடிந்ததைக் கொடுத்தார்கள். இவர் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தார்.

"வண்டி விலையில பாதி நான் தர்றேன். ஆனா ஓடியே கடக்கணும். இதுல அப்படித்தான் போட்டிருக்கு."

என் எழுத்தை ஒரு சொல் விடாமல் படித்த முதல் வாசகர் அவர். கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

3

நான் பாலைவனத்துக்குப் போகவில்லை. எனக்கு மாடிப்படியே பாலைவனம். ஆகவே இந்தப் பகுதியில் அவள் சொன்னதும் இருக்கிறது, நான் சேர்த்ததும் இருக்கிறது. எது நம்பும்படி இருக்கிறதோ அது நான் சேர்த்தது.

மூன்று நாள் ஓடினாள். உணவு, படுக்கை எல்லாம் முதுகில். பகலில் நிழல் என்பது அவளுடைய சொந்த நிழல் மட்டும்; அதில் உட்கார வழியில்லை. மூன்றாம் நாள் மாலை முகாமில் காலுறையைக் கழற்றியபோது இரண்டு நகங்கள் காலுறையோடு வந்தன. மருத்துவர் பாதம் முழுக்கக் கட்டுப் போட்டுவிட்டு, பெரிய அளவுக் காலணி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் கத்தரிக்கோலை எடுத்து, இருந்த காலணியின் முன்பக்கத்தை வெட்டி ஜன்னல் வைத்துக் கொடுத்தார்.

போட்டியில் கடைசி ஆளுக்குப் பின்னால் இரண்டு ஒட்டகங்களை நடத்திக்கொண்டு வருவார்கள். அவை முந்திவிட்டால் போட்டியிலிருந்து நீக்கம்.*

[* முதல் பிரதியில் ஒரு ஒட்டகம் அவளிடம் வழி கேட்டது. அக்கா மகள் படித்துவிட்டு, "அது கேக்கல மாமா, மூச்சுதான் விட்டுச்சு, அதுவே போதும்" என்றாள்.]

முகாமிலிருந்து தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, கால் வீங்கிடுச்சு. இனிமே நடைதான்."

"நடந்துட்டு வா. வந்து ஓடினேன்னு சொல்லு. அங்க சாட்சிக்கு ரெண்டு ஒட்டகம்தானே இருக்கு."

"நீங்க கதை எழுதுறவரு, வாயில வந்ததைச் சொல்லலாம். என் வண்டியில பதினோரு பேர் ஏறுறாங்க."

"அப்ப விட்டுட்டு வந்துடேன்."

"வண்டியை நடுரோட்டுல போட்டுட்டு இறங்கிப் போறவளா நான்?"

அதோடு தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு மூன்று நாள் நடந்தாள். கடைசி ஆளாக முடிவுக் கோட்டைத் தாண்டினாள், ஒட்டகங்களுக்கு ஏறக்குறைய நூறடி முன்னால்.

4

முடிவு அ: டயர்க்காரர் கட்டுப் போட்ட பாதங்களைப் பார்த்துக் கண்கலங்கி...

இதை நீங்கள் நம்பலாம். நான் நம்ப மாட்டேன். முப்பது வருடமாக அவரைத் தெரியும். அவர் கண் கலங்கி நான் பார்த்தது கடைக்குப் பின்னால் பழைய டயர் தீப்பிடித்த அன்று மட்டும்தான், அதுவும் புகையால்.

முடிவு ஆ: "ஆமாண்ணே, ஓடியேதான் கடந்தேன்" என்று அவள் சொன்

மூன்று முறை முயன்றேன். வாக்கியம் அதற்கு மேல் நகரவில்லை. பாத்திரத்தின் பிடிவாதம் அப்படி. அவள் அம்மாவும் இப்படித்தான்.

5

நடந்ததைச் சொல்கிறேன். நானும் கூடப் போயிருந்தேன்.

மதியம். கடையில் புது ரப்பர் வாசனை. காற்றடிக்கும் கம்ப்ரஸர் இரைந்து நின்றது. அவள் கணவருடைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, அடுக்கிய டயர்மேல் ஒரு கையை ஊன்றி நின்றாள்.

"வாங்கம்மா," என்றார் டயர்க்காரர். "ஓடியே கடந்தீங்களா?"

"மூணு நாள் ஓடினேண்ணே. மிச்சம் மூணு நாள் நடந்தேன்."

"நோட்டீஸ்ல அப்படி இல்லையே."

"அது மாமா போட்டது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்தேன். அது போன வருடத்துடையது.

அப்போது ஒருவர் உள்ளே வந்து, அவள் கை ஊன்றியிருந்த டயரைத் தட்டினார்.* "அண்ணே, இது எவ்வளவு ஓடும்?"

"கண்ணை மூடிட்டு எழுபதாயிரம் ஓடும்," என்றார் டயர்க்காரர்.

[* இவர் நிஜமாகவே வந்தார். நம்பமுடியாவிட்டால் நான் அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள்.]

"டயர் ஓடுமாண்ணே?" என்றாள் அவள். "உருளத்தானே செய்யும்?"

"அது பேச்சுக்குச் சொல்றதும்மா."

"நானும் பேச்சுக்குத்தாண்ணே கேக்குறேன். முதல் கியர்ல மேடு ஏறும்போது பக்கத்துல நடந்து போறவர் நம்மளை முந்திடுவாரு. அப்பவும் வண்டி ஓடுதுன்னுதான் சொல்றோம். நின்னுட்டாத்தான் ஓடலைங்கிறோம்." கையை மாற்றி ஊன்றிக்கொண்டாள். "நான் நிக்கலண்ணே."

"அந்தம்மா சொல்றதும் சரியாத்தானே இருக்கு," என்றார் டயர் வாங்க வந்தவர்.

"நீங்க டயரைப் பாருங்க," என்றார் டயர்க்காரர்.

பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வாயைத் திறந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உங்களை உட்காரவைக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். உட்காரச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். மூன்று மணிக்குப் பள்ளி விடும், அவள் ஏற்றப் போக வேண்டும். அதற்குள் சொல்லிவிடுங்கள்.