அவன் போட்டது போட்டபடி

நாற்பது வயதைத் தாண்டிய என் தம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டும் அளவுள்ள ஒரு சைக்கிளில் போய்ச் செத்தான். இதைச் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே ஓடும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. உயிரோடு இருந்தபோது நானே அவனை எவ்வளவு ஓட்டியிருப்பேன்.

"முட்டி ரெண்டும் காதைத் தொடுதுடா. சர்க்கஸ் கரடி மாதிரி இருக்க."

"கரடிக்குச் சோறாவது ஒழுங்கா போடுவாங்க அக்கா. இங்க அதுவும் நீ திட்டினாத்தான் கிடைக்குது."

அவன் சேர்த்தவை எல்லாம் பழைய பிஎம்எக்ஸ் சைக்கிள்கள். சின்னச் சக்கரம், உயர்ந்த ஹேண்டில்பார், கியர் கிடையாது. எங்கள் சின்ன வயதில் மேட்டிலிருந்து தாண்டிக் குதிப்பதற்கென்றே வந்தவை. தம்பியும் அவன் கூட்டாளிகளும் பழைய இரும்புக் கடைகளைக் கிளறி அவற்றைத் தேடுவார்கள். துருவைச் சுரண்டி, அந்தக் காலத்து உதிரிகளையே தேடிப் பூட்டி ஓட்டுவார்கள். அம்மாவின் வீட்டில் அவன் அறைச் சுவர் முழுக்கச் சைக்கிள்கள் தொங்கின. அம்மாவின் தையல் மெஷின் சமையலறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. வேலை பார்த்த அச்சகத்தை மூடிய பிறகு அவனும் அந்த அறையிலேயே தொங்க ஆரம்பித்தான். பேச்சு குறைந்தது. அம்மா கதவைத் தட்டித் தட்டித்தான் சாப்பிட வைத்தாள்.

ஊருக்கு வெளியே கல்குவாரிக்கு இறங்கும் சரிவில், வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டான். உடலைக் காட்ட எங்களைக் கூட்டிப் போன போலீஸ்காரர், என்ன சொல்வதென்று தெரியாமல், "பிரேக் பிடிக்கல போலம்மா" என்றார். அவர் சைக்கிளைப் பார்த்திருக்கக்கூட மாட்டார். அம்மா அந்தச் சொல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், தண்ணீர் கேன் போடுபவரிடம், மருந்துக் கடையில், எல்லா இடத்திலும் அதையே சொன்னாள். "புடிச்சுப் பார்த்திருக்கான் என் புள்ள. அது புடிக்கல." அதைச் சொன்ன நாட்களில்தான் அவள் தூங்கினாள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

எனக்குள் ஒரு முள் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. சாவதற்கு முந்தின வாரம் அவன் தன் சைக்கிள்களில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கூட்டாளிகளுக்குச் சும்மா கொடுத்துவிட்டான். யாரையும் தொட விடாத அந்த நீலச் சைக்கிளைக் குரோமுக்குக் கொடுத்தான். குரோம் ஒரு ஏசி மெக்கானிக். எது கையில் கிடைத்தாலும் பளபளவென்று தேய்த்துவிடுவதால் வந்த பெயர். ஆயுசு முழுக்கச் சேர்த்த பொருளை ஒருவன் வாரி இறைத்தால், என்னடா ஆச்சு என்று ஒருத்தனாவது கேட்க வேண்டாமா? கேட்கவில்லை. அதிர்ஷ்டம் அடித்ததென்று தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். வளைவில் தாண்டிக் குதித்துப் பார்த்திருக்கிறான், தவறிவிட்டது என்பது அவர்கள் கட்டிக்கொண்ட கதை.

ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் திரும்பி வந்ததும் குரோம் வந்து நின்றான். "குடுங்கம்மா. பழையபடி ஆக்கித் தரேன்." அம்மா சரியென்றுவிட்டாள். பிரேக்கைப் பற்றி வாயைத் திறக்காதே என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்பான். அந்த ஏனுக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அம்மா வீட்டுக் கூடத்தில் குரோம் ஸ்டாண்டைப் போட்டு அதன் மேல் சைக்கிளை நிறுத்தினான். பின்சக்கரம் தரையில் படாமல் நின்றது. கடையிலிருந்து அன்றுதான் வந்ததைப் போல் மின்னியது. பக்கத்தில் ஒரு தகர டப்பா. அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். கழற்றியதை எல்லாம் சொந்தக்காரர் முன் எடுத்து வைத்து, எதற்கு என்ன ஆனது, என்ன செய்தோம் என்று சொல்லித்தான் வண்டியை ஒப்படைப்பார்கள். பெருமை அதில்தான்.

"முன்சக்கரத்தைத் தாங்குற ஃபோர்க் இப்படி மடங்கிடுச்சும்மா. இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்கத்தான் நாய் படாத பாடு பட்டேன். முன் ரிம் அப்பளமா நொறுங்கிப் போச்சு." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது போல நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அம்மா வளைந்த இரும்பை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பிரேக்கு எங்கப்பா?"

"டீ ஆறுது, குடி முதல்ல," என்றேன் நான்.

"இருங்கக்கா. அதைத்தான் கடைசியில சொல்லலாம்னு வெச்சிருந்தேன்." அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதை மட்டும் நான் தொடவே இல்லம்மா. ஒரு ஸ்க்ரூ கூடத் திருப்பல. லீவர், கேபிள், பிரேக் கட்டை, எல்லாம் அவன் போட்டது போட்டபடி."

அவர்கள் உலகத்தில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. தொடாமல் விட்டது என்றால் தொட அவசியமே இல்லாத வேலை என்று பொருள். என் தம்பிக்கு அவன் மாலை போட்டுக்கொண்டிருந்தான், பாவி.

"நாசமாப் போறவனே, நிறுத்துடா" என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"பின்சக்கரத்துல இருந்ததால அடியே படல. நானே ஓட்டிப் பார்த்தேன். விரல் வெச்சாப் போதும்மா, கப்புனு நிக்குது. அவன் கை பட்ட வேலைன்னா சும்மாவா?"

அம்மா இரும்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டாள். அது சத்தமில்லாமல் சுழன்றது. ஹேண்டில்பாரில் இருந்த லீவரை அழுத்தினாள். சக்கரம் நின்றது.

மறுபடி சுற்றினாள். மறுபடி நின்றது.

குரோம் என் முகத்தைப் பார்த்தான். அவன் சிரிப்பு மெதுவாக வடிந்தது. தனக்குச் சும்மா வந்த நீலச் சைக்கிள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "அம்மா... பழைய பிரேக்குதானே," என்று இழுத்தான். "சில நேரம் பிடிக்காமலும்..."

"பிடிக்குதேப்பா," என்றாள் அம்மா. இன்னொரு முறை சுற்றி அழுத்தினாள். பிறகு அவனைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்கும் அதே குரலில் கேட்டாள். "அப்போ அவன் கையே வைக்கலியா?"

நான் போய் அம்மாவின் விரல்களை லீவரிலிருந்து விடுவிக்கப் பார்த்தேன். அவள் இன்னும் இறுக்கமாக அழுத்திக்கொண்டு நின்றாள்.