காயாத பட்டுச்சேலை

பெருந்துறை பங்காரு வீட்டு நாயின் எச்சில் ஏழு ஆண்டுகளாகக் காயவில்லை. மகள் ஹர்ஷிணி ஆசைப்பட்டாள் என்று வாங்கிய செயின்ட் பெர்னார்ட் அது. அந்த இனத்துக்கு வாய் ஒழுகுவது இயல்பு, குற்றமில்லை. தரையில் விழுந்த துளிகள் விழுந்தபடியே ஈரமாக இருந்தன. துடைத்த சென்னிமலைப் போர்வைகள் நாற்பத்தொன்றும் ஏழு கோடைகளைக் கடந்து மொட்டைமாடிக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தன. வேலைக்கு வரும் ராமாத்தாள், "இதுகளத் தென்னைக்குக் கட்டி உட்டா சொட்டுநீர் போட்ட மாதிரி ஆச்சுங்க ஐயா" என்றாள். பங்காரு சிரிக்கவில்லை. மூன்று தலைமுறையாக நூற்பாலை நடத்தும் குடும்பம். எச்சில் என்ற சொல்லே அந்த வீட்டில் எழாது. கேட்டவர்களுக்கு அது தண்ணீர்.

அந்தத் தண்ணீரால் மூன்று வரன்கள் போயின. பெண் பார்க்க வந்தவர்கள் மடியில் நாய் முகம் வைக்கும். பங்காரு தண்ணீர் என்பார். ஊர் திரும்பியவர்கள் மாதக்கணக்கில் வேட்டி காயாததைக் கண்டு, விசாரித்து, வேண்டாம் என்று தரகரிடம் சொல்லியனுப்புவார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றபோது ஹர்ஷிணி, "என்னையும் சேத்துக் குடுத்துருங்கப்பா" என்றாள். அவளுக்கு இருபத்தொன்பது முடிந்தது. யார் வந்தாலும் பங்காரு முதலில் அவர்கள் மடியைப் பார்க்கத் தொடங்கினார்.

தை மாதம் ஆனைமலையிலிருந்து வம்சி என்ற பையனுக்காக அவன் தாயார் லட்சுமியம்மாள் குடும்பத்தோடு வந்தார். நாயைப் பின்கட்டில் பூட்டியிருந்தார்கள். காபி வரும்வரை பங்காருவின் கண் கதவை விட்டு நகரவில்லை. பூட்டு பூட்டியபடியே இருக்க, நாய் கூடத்துக்குள் வந்து லட்சுமியம்மாள் மடியில் தாடையை வைத்தது. பச்சைப் பட்டு உள்ளங்கை அகலம் நனைந்தது.

"ஏனுங்க, இது என்னங்க?"

தண்ணீர் என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. பங்காரு மகளைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"நாய் எச்சிலுங்க. காயாதுங்க. எப்பவுமே காயாது."

நாய் தலை முதல் வால் வரை உடம்பை உலுக்கியது. கூடத்தில் இருந்த பதினோரு பேர் மீதும் துளி தெறித்தது. லட்சுமியம்மாள் முகத்தைத் துடைக்கவில்லை.

"கோயில்ல கெடாய்க்குத் தண்ணி தெளிச்சுப்போட்டு, சாமி உத்தரவு குடுத்து அது எப்ப ஒடம்ப உலுக்கும்னு அரை நாள் காத்துக் கெடப்போமுங்க. இங்க கேக்காமயே கெடச்சுப்போச்சு." காபியை ஒரு வாய் குடித்தார். "தண்ணின்னு சொல்லியிருந்தீங்கன்னா எந்திரிச்சுப் போயிருப்பனுங்க. முன்னால வந்த மூணு ஊட்டுக்காரங்களும் எங்களுக்குச் சொந்தந்தான்."

மாசியில் கல்யாணம் நடந்தது. நாய் பெண்ணோடு ஆனைமலைக்குப் போனது. அந்தப் பச்சைப் பட்டு இன்னும் காயவில்லை. சித்திரை வெயிலில் லட்சுமியம்மாள் அதைத்தான் உடுத்துகிறார், குளிர்ச்சியாக இருக்கிறதாம். எப்படி என்று கேட்பவர்களுக்கு, சம்பந்தி வீட்டு நாயின் எச்சில் என்கிறார்.