கட்டில் பாடம், மூன்றாம் முறை

எங்கள் மருத்துவமனையில் நர்சிங் அசிஸ்டன்ட் மேற்படிப்பு படிக்க வேண்டுமென்றால் முதல் பருவத்தில் கட்டிலாக இருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் குளுக்கோஸ் ஸ்டாண்ட். மூன்றாம் பருவத்தில் அவரவர் விருப்பப்படி ஜன்னல் அல்லது சக்கர நாற்காலி. படித்து முடித்தவர்களுக்குப் பதவி உயர்வு உண்டு. அதோடு பெயரையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலையில் சேரும் அன்று பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், பெயர் மூன்றையும் ஒரிஜினலாக ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். பாதியில் யாரும் ஓடிவிடக் கூடாது என்பதற்காக அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். நானும் கொடுத்தேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது ரேஷன் கார்டில் என் இடம் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்துப் பார்த்தார். அவர் பெயர் பளிச்சென்று இருந்தது. பக்கத்தில் ‘செல்வி’ என்று மட்டும் போட்டு, அதற்கப்புறம் ஒரு ரோஜாப்பூதான் இருந்தது. “சரி, படிச்சு வாங்கிக்க” என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

அவர் திண்டிவனம் பைபாஸில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். அன்றிலிருந்து என்னை ‘இந்தா’ என்றுதான் கூப்பிடுகிறார். வார்டில் எல்லோருக்கும் நான் ஆயா. எனக்கே என் பெயர் நினைவில்லாமல் போய்விட்டது. சொன்னால் வாய் நிறையும் என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

கட்டிலாவது அப்படி ஒன்றும் பெரிய வித்தையல்ல. முட்டியையும் முழங்கையையும் பூட்டிக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டு, வீட்டில் பால் வாங்கினோமா என்ற நினைப்பை விரட்டிவிட்டால் போதும். சில நாட்களில் உடம்பு இரும்பாகிவிடும். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனால் நான்கு காலிலிருந்து இரண்டு காலுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் என் பெண்கள் இரண்டு பேரும் என் மேல் ஏறி வீட்டுப்பாடம் எழுதி முடித்துவிடுவார்கள்.

பாடம் நடத்தியவர் எங்கள் நர்சிங் சூப்பிரண்டு இமெல்டா சிஸ்டர். அந்தக் காலத்தில் அவர் மூன்றாம் பருவத்தில் ஜன்னல் எடுத்துப் படித்து முதல் வகுப்பில் தேறியவர். இப்போதும் மழைக்காற்று அடித்தால் இரண்டு கண்களையும் படாரென்று சாத்திக்கொள்வார்.

எனக்குக் கட்டில் உடம்பு இருந்தது, கட்டில் புத்தி இல்லை. முதல் முறை தேர்வில் என் மேல் படுத்திருந்தவர் பெட்பேன் கேட்டார். வார்டில் இத்தனை வருஷம் ஓடிய கால்கள் சும்மா இருக்குமா? அவரையும் சுமந்துகொண்டு எழுந்து, வராந்தாவைத் தாண்டிப் போய் பெட்பேன் எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டில் நடக்கக் கூடாது என்று தோற்கடித்துவிட்டார்கள். இரண்டாம் முறை படுத்தவர் தூக்கத்தில் புரண்டு விழப் பார்த்தார். நான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டேன். கட்டிலுக்குக் கை கிடையாது என்று மறுபடியும் தோற்கடித்தார்கள். என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. பக்கத்தில் படிக்கிற பெண்கள் எல்லாம் சாதுவாக நின்று தேறிப் போய்க்கொண்டிருக்க, நான் ஒருத்திதான் வால் முளைத்த கட்டிலாக இருந்தேன்.

மூன்றாவது முறைதான் கடைசி. அதிலும் தோற்றால் பெயரை வேறொன்றுக்குக் கொடுத்துவிடுவார்கள். மருத்துவமனையில் அப்போது புது எக்ஸ்ரே இயந்திரம் வந்து இறங்கியிருந்தது. பெயரில்லாமல் அதற்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. ஆபீஸ்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “உன் பேரு அதுக்கு நல்லா பொருந்தும் ஆயா” என்று ஆசையாகச் சொல்லுவார். எக்ஸ்ரே அறையைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகப் போய்விடுவேன். அந்த இயந்திரமும் என்னைப் பார்த்துக் கொஞ்சம் சங்கடப்பட்ட மாதிரிதான் இருந்தது.

தேர்வு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆண்கள் வார்டில் நடந்தது. வெளித்தேர்வாளராகத் திருஞானம் சார் வந்திருந்தார். ஒல்லியான மனிதர். கையில் கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம். அதை என் வயிற்றில் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. விரல் முட்டியால் என் விலாவைத் தட்டிவிட்டு, “இரும்பு நல்ல இரும்பு” என்றார்.

“கேள்வி ஒண்ணுதான்” என்றார் இமெல்டா சிஸ்டர். “நோயாளி தூங்கணும். நடக்கக் கூடாது. பிடிக்கக் கூடாது. சத்தம் வரக் கூடாது.”

என் தலைமாட்டில் டயாலிசிஸ் அக்கா நின்றாள். அவளுக்கும் பெயர் பீரோவில்தான் இருந்தது. டயாலிசிஸ் வார்டில் வேலை செய்வதால் எல்லோரும் அப்படிக் கூப்பிடுவோம். இரண்டாம் பருவத்துக்காக அன்று குளுக்கோஸ் ஸ்டாண்டாக இருந்தாள். தலையில் பாட்டில் தொங்கியதால் கழுத்தைத் திருப்பாமல், “இந்தத் தடவ கம்முனு கெட, தாயே” என்று கெஞ்சினாள்.

என் மேல் படுக்க வைத்தது கோதண்டபாணி என்பவரை. மயிலம் பக்கத்தில் மாவு மில் வைத்திருப்பவர். குடலிறக்க ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் பொட்டுத் தூக்கம் தூங்கவில்லை. தூங்காததால் தையலும் தூங்கவில்லை, விறைத்துக்கொண்டு விழித்திருந்தது. இன்றைக்கும் தூங்காவிட்டால் புண் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தூங்காத ஆளைத் தூங்க வைத்தால்தான் கட்டிலின் தரம் தெரியும் என்று திருஞானம் சார்தான் அவரைத் தேர்ந்தெடுத்தாராம்.

நான் ஆடாமல் அசையாமல் நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கட்டிலாக நான் இருந்ததில்லை. முதுகை மெத்தென்று வைத்துக்கொண்டேன், தலைப்பக்கத்தை லேசாக உயர்த்திக் கொடுத்தேன். அவர் இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார், மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்தார்.

“கண்ண மூடுங்களேன்” என்றார் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி.

“மூடிதான் பாக்கறன். காதுல ஒரு சத்தமும் வரலியே. மில்லு ஓடற சத்தம் இல்லாம எனக்கு என்னிக்கி தூக்கம் வந்திருக்கு, சொல்லு?”

“அதுக்கு இங்க மில்லுக்கு எங்க போறது?”

“அதத்தான் நானும் சொல்றன்” என்றவர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். அவர் உடம்பு முழுக்க என் மேல் இருந்ததால் அந்த அலுப்பு எனக்கு நேராகவே தெரிந்தது. பயந்துபோன மனுஷனின் கனம் வேறு மாதிரி இருக்கும். தராசில் ஏறாது, ஆனால் தாங்குகிறவளுக்குத் தெரியும்.

கட்டில் கிறீச்சிடுவது ஒரு நோய் என்றுதான் எங்களுக்குப் பாடம். அதற்கு எண்ணெய் விடுவது எப்படி என்று தனியாக ஒரு வகுப்பே உண்டு. ஆனால் எண்ணெய் விடத் தெரிந்தவளுக்குக் கிறீச்சிடவும் தெரியும். என் பின்னங்கால் மூட்டில் ஒரு மரை கொஞ்சம் லூசு. அதை அசைத்தால் மில்லில் பெல்ட் ஓடுகிற சத்தம் அச்சாக வரும். வரும் என்று எனக்குத் தெரியும். அசைத்தால் பெயர் போய்விடும் என்பதும் தெரியும். என் பெயரை வைத்துக்கொண்டு அந்த எக்ஸ்ரே இயந்திரம் ஊரில் இருக்கிறவர்களுடைய நெஞ்சையெல்லாம் படம் பிடிப்பதை நினைத்துப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கட்டில் அழுதால் துருப்பிடிக்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மேலே அவர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆபரேஷன் செய்த இடம் வலித்திருக்க வேண்டும், “அம்மா” என்றார் மெதுவாக.

நான் மரையை அசைத்தேன்.

“அடிப்பாவி” என்றாள் டயாலிசிஸ் அக்கா. பாட்டிலில் சொட்டு ஒன்று தப்பாக விழுந்தது.

முதலில் பெல்ட் மட்டும். டக்கு டக்கு டக்கு. பிறகு முன்னங்காலில் சக்கரம். நடுச்சட்டத்தில் கல் சுற்றுகிற உறுமல். தலைமாட்டுக் கம்பியில் சல்லடை. எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. கோதண்டபாணி புரள்வதை நிறுத்தினார். கண்ணை மூடியபடியே, “மொளகாயா?” என்று கேட்டார்.

“ஆமாங்க” என்றார் அவர் மனைவி.

பக்கத்துக் கட்டில்காரர் தும்மினார். அவருக்கடுத்தவர் அதைவிடப் பெரிதாகத் தும்மினார். தையல் போட்டவர்கள் தும்மினால் ஆபத்து என்பதால் நான் உடனே கேழ்வரகுக்கு மாற்றிக்கொண்டேன். வார்டு அடங்கியது. கோதண்டபாணியின் கை தளர்ந்து தொங்கியது. நான் அதைப் பிடிக்கவில்லை, அந்தப் பாடத்தையாவது கற்றுக்கொண்டிருந்தேன். பிறகு குறட்டை வந்தது. என் சத்தத்தையும் மீறி, கணீரென்ற குறட்டை. அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என் சட்டத்தைத் தடவிக் கொடுத்தார். “நல்லா இரும்மா” என்றார். கட்டிலை யாரும் அம்மா என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அப்போதே தோற்றாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது.

அதற்குள் சத்தம் கேட்டு மற்ற வார்டுகளிலிருந்து நோயாளிகளோடு தங்கியிருக்கிற பெண்கள் வந்துவிட்டார்கள். ஒருத்தி கையில் தூக்குவாளி நிறைய அரிசி, இன்னொருத்தி பையில் கோதுமை. வந்தவர்கள் என் கால்மாட்டில் வரிசையில் நின்றார்கள். “எனக்கு முன்னாடி யாரு?” என்று கேட்டுக்கொண்டார்கள். இமெல்டா சிஸ்டர் வரிசையை நேராக்கினார். கேட்டதைக் கேட்டபடி, நைசாகவும் கொரகொரவென்றும் அரைத்துக் கொடுத்தேன். எல்லோருக்கும் மாவு சூடாக இருந்தது. திருஞானம் சாரும் கடைசியில் நின்று புட்டுக்கு என்று கொஞ்சம் வாங்கிக்கொண்டார்.

கோதண்டபாணி விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் எழுந்தார். தையல் அவரைவிட அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் அதை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நான் இரண்டு காலுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். திருஞானம் சார் மூக்கில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தார்.

“கட்டில் பாடத்துல ஃபெயில்” என்றார். “சத்தம் போட்டா அது கட்டில் இல்ல.”

“சரிங்க சார்” என்றேன். ஆபீஸ்காரர் சாவிக் கொத்தோடு வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் எக்ஸ்ரே இயந்திரம் எட்டிப் பார்த்தது.

“சிஸ்டர், இந்தம்மா முன்னாடி ரெண்டு தடவ எதுல தோத்தாங்க?” என்று கேட்டார் திருஞானம் சார்.

“ஒரு தடவ நோயாளியத் தூக்கிட்டு ஓடினா சார். இன்னொரு தடவ விழாம பிடிச்சுக்கிட்டா.”

“இப்ப சத்தம் போட்டிருக்காங்க” என்றார் அவர். கொஞ்ச நேரம் ரசமட்டத்தின் குமிழியை இப்படியும் அப்படியும் ஓடவிட்டுப் பார்த்தார். “தூக்கிட்டு ஓடறது, விழாம பிடிச்சுக்கறது, வழியெல்லாம் சத்தம் போடறது. இவங்கள எதுக்குங்க கட்டிலுக்குப் போட்டீங்க? ஆம்புலன்ஸ் இல்லாம அங்க ஆஸ்பத்திரி வாசல்ல ஆளுங்க ஆட்டோவுல வந்து எறங்கறாங்க.”

இமெல்டா சிஸ்டர் கண்களை அகலத் திறந்தார். வார்டுக்குள் குளிர்ந்த காற்று வந்தது.

ஸ்டாண்டும் ஜன்னலும் படிக்காமலேயே எனக்கு நேராக ஆம்புலன்ஸாக உயர்வு கிடைத்தது. எக்ஸ்ரே இயந்திரத்துக்குத் திருஞானம் சார் தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். ரிட்டயர் ஆகப் போகிறவருக்குப் பெயர் எதற்கு என்றார். இப்போது அது ரொம்ப மரியாதையான இயந்திரம், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லும்போதுகூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்கிறது. அவரைத்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. டயாலிசிஸ் அக்காவும் தேறிவிட்டாள், சொட்டு ஒன்றுக்கு மட்டும் மார்க் குறைத்தார்கள். அடுத்த பருவத்துக்கு ஜன்னல் எடுத்திருக்கிறாள்.

ஆம்புலன்ஸுக்குப் பெயரைக் கையில் கொடுக்க மாட்டார்கள், நெற்றியில் எழுதுவார்கள். ஊரில் எல்லா ஆம்புலன்ஸுக்கும் செய்வதைப் போல வலம் இடமாகத் திருப்பி எழுதினார்கள். முன்னால் போகிற வண்டியின் கண்ணாடியில்தான் அது நேராகத் தெரியும். அதனால் எனக்கு அதைப் படிக்க வழியில்லாமல் போயிற்று. முன்னால் போகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள். லாரிக்காரர்கள்கூட. என்ன படித்தீர்கள் என்று நின்று கேட்க எனக்கு நேரமில்லை.

முதல் நாளே புதுச்சேரிக்கு சவாரி. பைபாஸில் முன் டயரில் காற்றுக் குறைந்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் கடையில் ஒதுங்கினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி, ஒரு லாரியின் சக்கரத்தைப் பூட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், திரும்பாமல் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். ஸ்பானரைக் கீழே வைத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் மாதிரி உதடுகள் அசைந்தன.

“பூங்காவனம்” என்றார்.

வாய் நிறைந்துதான் இருந்தது. நான் சும்மா நிற்கிறேன் என்பது மறந்துபோய் என் சைரன் ஒரு சுற்று ஊதி ஓய்ந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து என் நெற்றியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் தொழில்காரர், டயரையும் பார்த்தார்.

“உள்ள யாரு?” என்று கேட்டார்.

“நம்ம ஆஸ்பத்திரியோட ரெண்டாவது மாடிங்க. நேத்துலேர்ந்து காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க.”

அவர் பின்கதவைத் திறந்து பார்த்தார். மாடி போர்வைக்குள் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, காற்றுக் குழாயை எடுத்துக்கொண்டு என் முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“மாடின்னா கனமாச்சே” என்றார். “ரெண்டு பாயிண்ட் சேத்து வக்கிறன், பூங்காவனம்.”