களத்தில் சொல்லாத சொல்

எங்கள் வீட்டில் ஆட்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கால், ஒரு சோடிக் காது, நாலு கை. இதை யாரும் எனக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. மீள்குடியேறி ஸ்கந்தபுரத்துக்கு வந்த வருசம் வாய்க்கால் கரையில் கிடந்த மிதிவெடி என் வலது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனது. என் மனுசன் குகதாசனுக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. ஊரில் சிலர் அவரை ஊமை என்பார்கள். என் முன்னால் ஒருதரம் சொன்னவர் இரண்டாம்தரம் சொன்னதில்லை.

அவர் கையால் கதைப்பார். எதிரே நிற்பவரின் வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வார். எங்கள் சண்டையும் கையால்தான் நடக்கும். எனக்குக் கோபம் முற்றினால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், பாவம், அவருக்குப் பதில் சொல்ல வழியில்லாமல் போகும். அதனால் அவருடைய கை எனக்கு வெறும் கை இல்லை. அது போனால் அவருடைய வாயும் போகும். பிறகு அந்த வீட்டில் நான் யாரோடு கதைப்பது?

அந்தப் பயத்தோடுதான் வீரகத்தி அண்ணையின் மெசினைப் பார்த்தேன். மாரி மழை போக மனமில்லாமல் நின்ற வருசம் அது. வயல் முழுக்கச் சேறு, வெட்டு மெசினை இறக்கினால் புதையும். கையால் வெட்டிக் கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைத்துவிட்டு, சூடடிக்கிற மெசினுக்குச் சொல்லி அனுப்பினோம். ஓமந்தையிலிருந்து வீரகத்தி அண்ணை கொண்டுவந்து களத்தில் நிறுத்தினார். லான்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு மெசினில் பெல்ட் பூட்டி ஓட்டுகிற மெசின். கதிர்க்கட்டைத் தட்டில் வைத்து உள்ளே தள்ள வேண்டும், உருளை இழுத்துக்கொள்ளும். கை உள்ளே போகாமல் தடுக்கிற தகரமூடி இருக்க வேண்டிய இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது.

மூடி எங்கே என்று கேட்டேன். ஈர வைக்கோல் சிக்குகிறது என்று கழற்றி வைத்துவிட்டாராம். ஓமந்தையில் வீட்டில் கிடக்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் தாட்சாயினி என்ற உத்தியோகத்தர் பிள்ளை எங்களை இருத்தி வைத்துச் சொல்லித் தந்திருந்தாள்: மூடியில்லாத மெசினில் கை வைக்காதீர்கள், தொங்குகிற உடுப்போடு கிட்டப் போகாதீர்கள், காது கேளாதவர் நிற்கிற இடத்தில் கயிறு கட்டுங்கள். அதையெல்லாம் ஒப்புவித்தேன். அண்ணை வானத்தைக் காட்டினார். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சூடு நனைந்தால் நெல் முளைத்துவிடும். என்ன செய்வது, கயிற்றையாவது கட்டுவோம் என்று கட்டினேன். ஒரு முனை இவருடைய இடுப்பில், மற்ற முனை என் மணிக்கட்டில். நான் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, என்ஜினுக்குப் பக்கத்தில் லீவரைப் பிடித்தபடி இருந்தேன். கயிறு இழுபட்டால் லீவரைத் தட்டிவிட வேண்டும், உருளை நின்றுவிடும்.

கயிற்றுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் சூடு அடித்து முடியும்வரைக்கும் களத்தில் நிற்கிற எவரும் ‘போதும்’, ‘நிப்பாட்டு’ என்று சொல்லக்கூடாது. சொன்னால் பூதம் கேட்டுவிட்டுப் பொலியை அள்ளிக்கொண்டு போய்விடும். குவிந்து கிடக்கிற நெல்லுக்குப் பொலி என்றுதான் பெயர், அதன்மேல் கால் வைக்கவும் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும். மாடு போய் மெசின் வந்தும் வழக்கம் போகவில்லை. பூதத்துக்குக் கண் இல்லைப் போலும். சத்தமில்லாமல் நிப்பாட்டினால் குற்றமில்லை.

மெசின் ஓடத் தொடங்கியது. தூசியும் சுணையும் எழும்பி இவருடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறு இழுபட்டது. நான் லீவரைத் தட்டினேன். இவர் திரும்பி, ஏன் நிப்பாட்டினாய் என்று கையால் கேட்டார். நீங்கள்தானே இழுத்தீர்கள் என்றேன். இல்லையாம். இரண்டு கையும் கதிரில் இருந்ததாம். சண்டைக்கு ஆயத்தமாக எழும்பிப் போனேன். தட்டில் கிடந்த கட்டை, உதவிக்கு வந்திருந்த அயல் வளவுக்காரி கமலேஸ்வரி தூக்கினாள். உள்ளேயிருந்து ஒரு அரிவாள் விழுந்தது. வெட்டினவர் யாரோ கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அது உருளைக்குள் போயிருந்தால் இவருடைய முகத்துக்குத்தான் திரும்பி வந்திருக்கும். நான் திரும்பிப் போய்ப் பெட்டியில் இருந்தேன்.

முகில் தெற்கிலேயே நிற்க, உச்சி வெயில் ஏறியது. இவர் தண்ணீர் குடிக்கப் போகும்போது கயிற்றை இடுப்பிலிருந்து அவிழ்த்து மெசினின் பக்கத்துக் கொளுக்கியில் மாட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பதிலாகக் கமலேஸ்வரி கதிர் தள்ளினாள். கெட்டிக்காரி. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இவர் அங்கே வேம்புக்குக் கீழே போத்தலை அண்ணாந்து பிடித்திருக்கிறார், கயிறு என் கையை வெடுக்கென்று இழுத்தது. தோல் உரிந்துவிட்டது. நிப்பாட்டினேன். கமலேஸ்வரியின் பின்னல் முடிச்சவிழ்ந்து தட்டின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கட்டு வைத்திருந்தால் தலைமயிரோடு போயிருப்பாள். அவள் கொளுக்கியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக முடிந்தாள்.

தேத்தண்ணிக்கு நிப்பாட்டினபோது அவள் என்னை வேம்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். போன போகம் இதே மெசினில் ஒரு மனிசி செத்தாளாம். ராக்காயி என்று பெயர், மலைநாட்டிலிருந்து வந்து வவுனியாப் பக்கம் குடியிருந்த சனம். சட்டைக் கை சிக்கி, தோளோடு இழுத்துவிட்டதாம். கமலேஸ்வரியின் தமக்கை அந்தக் களத்தில் நின்றவளாம்.

“கண்டவையெல்லாம் பொலியைச் சுத்தி ஓடினவையாம், பத்மாசனியக்கா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லையாம். ராக்காயியும் சத்தம் போடேல்லை எண்டுதான் சொல்லுகினம்.”

சத்தம் போடாமல் யாராவது சாவார்களா? இவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம், நெல் நாசமாய்ப் போகட்டும் என்று திரும்பினேன். அதற்குள் முதல் தூறல் விழுந்துவிட்டது. வீரகத்தி அண்ணை மெசினை இயக்கிவிட்டு, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி எறிந்திருந்தார். இப்படி விட்டு விட்டு ஓடினால் விடிஞ்சாப்போலதான் என்று கத்தினார். லீவரைத் தான் பார்த்துக்கொள்வாராம், நான் மற்றப் பக்கம் போய்ப் பதர் கூட்ட வேண்டுமாம். இவர் அதற்குள் தட்டுக்கு முன்னால் நின்றார். கையைக் காட்டி வா வா என்றேன். அவர் திரும்பவில்லை.

நான் போகிற வழியில் அண்ணை லீவரை விட்டுவிட்டுச் சாக்குப் பிடிக்கப் போனார். பொலி எங்களுக்கு நடுவில் இடுப்பளவுக்குக் குவிந்திருந்தது. அதற்கு மேலால் இவருடைய தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்தத் தலை தட்டுப் பக்கமாகச் சாய்ந்தது. சட்டைக் கையை உருளை பிடித்துவிட்டது.

கமலேஸ்வரியும் கண்டாள். கண்டவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பொலியைச் சுற்றி ஓடினாள். நான் பொலியின்மேல் ஏறினேன். பொய்க்கால் நெல்லுக்குள் புதைந்து கழன்றுபோனது. முழங்காலில் தவழ்ந்துகொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

“நிப்பாட்டு! நிப்பாட்டு!”

வீரகத்தி அண்ணை திரும்பி என்னைத்தான் பார்த்தார். மெசினைப் பார்க்கவில்லை. பொலியை மிதித்த என்னை ஏசுவதற்கு வாயைத் திறந்தார். அப்போது லீவர் தானாகக் கீழே விழுந்தது. அதன் பக்கத்தில் எவரும் இல்லை. என் கண் பொய் சொல்லாது, எவரும் இல்லை. உருளை இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

இவர் பின்பக்கமாக விழுந்தார். நான் போய் அவருடைய கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவினேன். சட்டை தோள்வரை கிழிந்திருந்தது. கை முழுசாக இருந்தது. மணிக்கட்டுக்கு மேலே மட்டும் சிவப்பாக விரல் அடையாளம், யாரோ இறுக்கிப் பிடித்து இழுத்த மாதிரி. நான் அழுதேன், அவரை அடித்தேன், பிறகும் அழுதேன்.

அவர் எழும்பி இருந்து சுற்றிப் பார்த்தார். பிறகு கையால் கேட்டார்: அந்த மனிசிக்கு ஒன்றும் இல்லையே?

எந்த மனிசி என்றேன். கமலேஸ்வரியைக் காட்டினேன். இல்லையாம். சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை, தலையில் துவாய். காலமை தொடங்கித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றவளாம். வீரகத்தி அண்ணை கூட்டிவந்த ஆள் என்று நினைத்தாராம். கயிற்றை எந்த நேரமும் பிடித்துக்கொண்டே நின்றாளாம். ஓயாமல் அவரோடு கதைத்தாளாம், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப. எனக்குக் காது கேளாது என்று காட்டியும் விடவில்லையாம்.

என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவர் யோசித்து, சத்தமில்லாமல், மெல்ல மெல்ல வாயை அசைத்துக் காட்டினார். எங்கள் ஆட்கள் சொல்கிற விதமாக இல்லை. மலைநாட்டுச் சனம் சொல்கிற விதம். பார்த்துப் பார்த்து நான் அதை வாய்விட்டுச் சொன்னேன்.

“நிறுத்துங்க. நிறுத்துங்க.”

வீரகத்தி அண்ணை பொலியின்மேல் அப்படியே குந்தி இருந்துவிட்டார். தூறல் பெரிதாகியது. சூட்டை மூட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

“அவள் சத்தம் போட்டவள்,” என்றார். “மற்றவைக்குக் கேக்கேல்லை. நான் கிட்ட நிண்டனான், எனக்குக் கேட்டது. களத்திலை சொல்லக்கூடாத சொல்லைச் சொல்லுறாள் எண்டு கோவம். திரும்பியும் பாக்காமல் வாயை மூடடி எண்டு பேசினனான். அவளுக்கு எங்கடை வழக்கம் எங்கை தெரியும்? பேசி முடிச்சிட்டுத்தான் திரும்பினனான்.”

இவர் அண்ணையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாகப் பார்வையைக் கொஞ்சம் மேலே உயர்த்தினார். அண்ணை அதைக் கண்டுவிட்டார். எங்கே நிற்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நான் கையால் கேட்டேன். இவர் கையால் சொன்னதை நான் அண்ணைக்கு வாயால் சொன்னேன்.

“உங்களுக்குப் பின்னாலை. குனிஞ்சு நிக்கிறாளாம். உங்கடை காதுக்குள்ளை இன்னும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.”

அவர் திரும்பவில்லை. மழை அண்ணையின் தலையில் விழுந்து நெல்லுக்குள் வடிந்தது. கனநேரம் காது கொடுத்துக் கேட்பவரைப் போல இருந்தார். பிறகு, களத்தின் நடுவில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

“ஓம் பிள்ளை. நிப்பாட்டிட்டன்.”